ஆற்றங்கரையா, பூந்தோட்டமா, ஒளித் திருவிழாவா? சிங்கப்பூரில் இரவுச் சிலைகளைப் படமெடுக்க ஓர் ஒப்பீடு

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் உறவினர்களில், தோளில் கேமராப் பையோடு இறங்குபவர் ஒருவராவது இருப்பார். பகல் முழுவதும் கடைகளுக்கும் கோயில்களுக்கும் அழைத்துச் சென்றுவிட்டு, மாலையில் அவரை எங்கே கூட்டிப்போவது என்ற கேள்வி வீட்டில் எழாமல் இருப்பதில்லை. என் அக்காவின் மகன் வந்திருந்தபோது நான் அதிகம் யோசிக்காமல் கரையோரப் பூந்தோட்டங்களை (கார்டன்ஸ் பை தி பே) சொன்னேன். அவன் போய்வந்து, எடுத்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, "மாமா, படமெல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு, ஆனா இதையெல்லாம் ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கு" என்றான். அவன் சொன்னது எனக்கு உறைத்தது. மாலை வேளைகளில் கேமராவைத் தாங்கும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு இந்த நகரின் சிலைகளைத் தேடித் தேடிப் படமெடுத்து வருபவன் நான். அப்படியிருந்தும் அவனுக்கு வேண்டியது என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன். கையில் ஒரே ஒரு மாலை மட்டும் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை, அன்று நான் கேட்கத் தவறிய கேள்விகளோடு சேர்த்து இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஒளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரவில் ஒளிரும் சிலை என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று, வெண்கலத்திலோ கல்லிலோ உருவாக்கப்பட்டு, வெளியிலிருந்து விளக்கு பாய்ச்சப்படும் சிலை. அதன் ஒளி அசையாதது. மாலையில் எரியத் தொடங்கிய விளக்கு இரவு முழுவதும் அதே இடத்திலிருந்து, அதே நிறத்தில் எரியும். மற்றொன்று, ஒளியையே உடலாகக் கொண்ட படைப்பு. அதற்குள்ளிருந்து வரும் வெளிச்சம் நொடிக்கு நொடி நிறம் மாறும், சில சமயம் இசைக்கு ஏற்பத் துடிக்கும், விளக்கை அணைத்துவிட்டால் கம்பியும் துணியும் மட்டுமே மிஞ்சும். முதல் வகையைப் படமெடுப்பவர் நிழலோடு போராடுகிறார். இரண்டாம் வகையைப் படமெடுப்பவர் மிதமிஞ்சிய வெளிச்சத்தோடு போராடுகிறார். தனக்கு எந்தப் போராட்டம் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதியை முடிவுசெய்வது கடிகாரம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே இருப்பதால், சூரியன் அடிவானத்தை நோக்கிச் சாய்ந்து இறங்காமல் ஏறக்குறைய நேராகவே விழுகிறது. சூரியன் மறையும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் மாலை 6.45 மணியை ஒட்டியும் பிப்ரவரியில் 7.20 மணியை ஒட்டியும் இருக்கும். ஜூனில் அது 7.10 மணியளவு. அதன் பிறகு வானம் ஆழ்ந்த நீலமாக நின்று, விளக்கொளியும் வான ஒளியும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும் நேரம் நமக்குச் சுமார் 20 நிமிடந்தான். அந்த 20 நிமிடத்தில் வானம் ஒரு பெரிய மென்மையான விளக்காக வேலை செய்து, சிலையின் இருண்ட பக்கத்தில் மெல்லிய நீல ஒளியை நிரப்புகிறது. வானம் கறுத்துவிட்டால் அந்த உதவி போய்விடும். விளக்கு படும் பக்கம் வெளுத்தும் படாத பக்கம் கரியாகவும் மாறிவிடும். ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும், அந்த 20 நிமிடத்தில் நாம் எந்தச் சிலையின் முன் நிற்கிறோம் என்பதே அந்த மாலையின் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

இந்த இரண்டு அளவுகோல்களையும் வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரம். ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நடையில், உலகப் புகழ்பெற்ற சிற்பிகளின் படைப்புகளும் உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளும் கட்டணமின்றி, வேலியின்றி, தொட்டுப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. சூலியா ஸ்திரீட்டில் ஓசிபிசி சென்டரின் முன்னால் ஹென்றி மூரின் சாய்ந்து கிடக்கும் பெரிய உருவம். யுஓபி பிளாசாவின் ஆற்றோரத்தில் ஃபெர்னாண்டோ போட்டேரோவின் கொழுத்த வெண்கலப் பறவை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத் திறப்பில், நெஞ்சிலும் தலையிலும் துளையோடு நிற்கும் சால்வடோர் டாலியின் நியூட்டன். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயரைத் தாங்கிய தெருவில் ஓர் ஆங்கிலேயச் சிற்பியின் வெண்கல உருவம் சாய்ந்து படுத்திருப்பதை, நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

ஆயினும் படமெடுப்பவருக்கு அந்த வட்டாரத்தின் உண்மையான செல்வம் கேவனா பாலத்தின் இருபுறமும் இருக்கிறது. 1869-இல் கட்டப்பட்ட அந்தப் பாலம் இப்போது நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்பதால், வாகனங்களின் முகப்பு வெளிச்சம் படத்துக்குள் பாய்வதில்லை. பாலத்தின் தென்கரையில், ஃபுல்லர்டன் ஹோட்டலை ஒட்டி, சோங் ஃபா சியோங் 2000-ஆம் ஆண்டில் வடித்த 'முதல் தலைமுறை' நிற்கிறது: உடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆற்றில் குதிக்கும் சிறுவர்கள். படித்துறையிலிருந்து குளத்தில் குதித்து வளர்ந்த யாரும் அந்தச் சிறுவர்களின் முதுகு வளைந்திருக்கும் விதத்தைப் பார்த்து, இது மெய் என்று சொல்வார்கள். பகலில் அந்தச் சிலையைச் சுற்றி எப்போதும் சுற்றுலாப் பயணிகள் கூட்டம். வெயிலில் வெண்கலம் பளபளத்து உருவத்தை மறைக்கும். மாலை ஏழு மணியைக் கடந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. ஹோட்டலின் முகப்பிலிருந்து வரும் மஞ்சள் ஒளி சிறுவர்களின் முதுகிலும் பிடரியிலும் பட, ஆற்றுப் பக்கமாக நீலம் நிரம்ப, குதித்துவிட்ட காலுக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள அந்த வெற்றிடம் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. அந்த இடைவெளிதான் சிலையின் உயிர். கேமராவை இடுப்பளவுக்குக் கீழே இறக்கி, கால்களுக்குப் பின்னால் ஆறு மட்டும் வரும்படி வைத்தால், எதிர்க்கரை விளக்குகள் நீரில் நீண்ட கோடுகளாக விழும். ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறன் 100, லென்ஸ் துளையின் அளவு எஃப் 8, கேமரா ஒளியை உள்ளே விடும் திறப்பு நேரம் நான்கு முதல் எட்டு நொடி வரை என்பது நான் வழக்கமாகத் தொடங்கும் அளவு. நீண்ட நேரத் திறப்பில் நடந்துபோகிறவர்கள் கரைந்து மறைந்துவிடுவது கூடுதல் நன்மை.

பாலத்தைக் கடந்து வடகரைக்குப் போனால், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் ஆற்றோரத்தில், செர்ன் லியான் ஷான் வடித்த, வட்டித் தொழில் செய்த செட்டியார்களில் தொடங்கி இன்றைய நிதித்துறை வரையிலான கதையைச் சொல்லும் சிலைத்தொகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் எதிர்க்கரையில், மார்க்கெட் ஸ்திரீட்டிலும் சூலியா ஸ்திரீட்டிலும் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. டேங்க் ரோட்டில் 1859-இல் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்களும் அந்தக் கிட்டங்கிக்காரர்கள்தான். இன்று கிட்டங்கிகள் இருந்த திசையில் வங்கிக் கோபுரங்கள் நிற்கின்றன. இரவில் அந்தக் கோபுரங்களின் சன்னல் வெளிச்சமே செட்டியார் சிலைக்குப் பின்னணியாக அமையும்படி நின்று எடுக்கலாம். நான் ஒரு மாலை முழுவதையும் இந்த ஒரே படத்துக்குச் செலவிட்டிருக்கிறேன். சிலையின் முகத்தில் விழும் ஒளி குறைவு, பின்னால் உள்ள கோபுரங்களின் ஒளி மிகுதி. ஒரே திறப்பில் இரண்டையும் பிடிக்க முடியாது. அதனால் ஒரே இடத்திலிருந்து மூன்று வெவ்வேறு நேர அளவுகளில் எடுத்துப் பின்னர் இணைக்க வேண்டியிருந்தது. அன்று, மூன்றில் நீண்ட திறப்பைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், பலமுறை கடந்து போயும் நான் கவனிக்காமல் விட்டிருந்த விரல்களின் வார்ப்பு எவ்வளவு நுணுக்கமானது என்று கண்டேன்.

இதே கரையில் இன்னொரு பாடமும் இருக்கிறது, அதைக் கேமரா பழகுகிறவர்கள் தவறவிடக்கூடாது. நவீன சிங்கப்பூரை நிறுவியவராகக் கருதப்படும் ஆங்கிலேயர் ராஃபிள்ஸை தாமஸ் வூல்னர் வடித்த கரிய வெண்கலச் சிலை 1887-இல் திறந்துவைக்கப்பட்டது. இப்போது அது விக்டோரியா அரங்கத்தின் முன்னால் நிற்கிறது. அதிலிருந்து வார்த்தெடுத்த வெள்ளைப் பிரதி 1972-இல் ஆற்றோரத்தில், அவர் கரையிறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தில் வைக்கப்பட்டது. ஒரே உருவம், இரண்டு நிறம், இடையில் சில நிமிட நடை. வெள்ளைச் சிலை விளக்கொளியை அப்படியே திருப்பி அனுப்புவதால், இருண்ட வானத்தைக் கண்டு ஏமாறும் கேமரா அதை முகம் தெரியாமல் வெளுத்துவிடும். கேமரா தானாகத் தேர்ந்தெடுக்கும் ஒளியளவிலிருந்து ஒரு படியோ (ஒரு படி குறைத்தால் ஒளி பாதியாகும்) ஒன்றரைப் படியோ குறைத்தால்தான் கோட்டின் மடிப்புகள் தெரியும். கரிய சிலையோ கொடுத்த ஒளியையெல்லாம் விழுங்கிவிட்டு, தோளிலும் நெற்றியிலும் மட்டும் மினுக்கும். இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துப் பார்த்தால், ஒளியளவு குறித்துப் பத்து வகுப்புகளில் கற்பதை அரை மணி நேரத்தில் கற்கலாம். 2019-இல், ராஃபிள்ஸ் வந்திறங்கியதன் இருநூறாண்டு நிறைவின் தொடக்கத்தில், இந்த வெள்ளைச் சிலையின் அருகே நாராயண பிள்ளை உள்ளிட்ட நால்வரின் சிலைகள் சில நாள்கள் நின்றன. மாரியம்மன் கோயிலை நமக்குத் தந்தவர் அந்த வரிசையில் நிற்பதை அன்று மாலை நேரில் கண்டவர்களுள் நானும் ஒருவன் என்பதில் எனக்கு இன்றும் நிறைவு உண்டு.

ஆற்றங்கரையின் குறைகளையும் சொல்ல வேண்டும். உணவகங்கள் வரிசையாக இருக்கும் போட் கீ பக்கம் விளக்குகளின் நிறங்கள் ஒன்றோடொன்று மோதும். சிறு குழந்தைகளுக்கு அங்கே பொழுது போகாது. சில சிலைகளுக்குத் தனி விளக்கே கிடையாது, அருகிலுள்ள கட்டடத்தின் தயவில்தான் அவை தெரிகின்றன. நடைபாதை குறுகலான இடங்களில் முக்காலியை விரித்தால் ஓடுபவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இடைஞ்சல் என்பதால், அங்கே சுவரோரமாக ஒதுங்கி எடுப்பதே முறை.

அடுத்து, நான் யோசிக்காமல் சொன்ன கரையோரப் பூந்தோட்டங்கள். 2012-இல் திறக்கப்பட்ட இந்தத் தோட்டத்தில் 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள சூப்பர்ட்ரீக்கள், அதாவது மர வடிவக் கோபுரங்கள், மொத்தம் 18. அவற்றுள் 12 ஒரே தோப்பாக நிற்கின்றன. இவற்றைக் கட்டடம் என்பதா சிற்பம் என்பதா என்று சிலர் கேட்பார்கள். இரவில் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் அந்தக் கேள்வி எழாது என்று நினைக்கிறேன். தினமும் இரவு 7.45 மணிக்கும் 8.45 மணிக்கும் இசையோடு இணைந்த ஒளிக்காட்சி கட்டணமின்றி நடக்கிறது. வயதானவர்களுக்குச் சமதளப் பாதை, உட்கார இடம், பக்கத்திலேயே எம்ஆர்டி நிலையம், கழிவறை, சாப்பாடு எல்லாம் உண்டு. குழந்தைகள் புல்வெளியில் மல்லாந்து படுத்தே காட்சியைப் பார்க்கலாம். குடும்பத்தோடு வருபவருக்கு இதற்கு ஈடான இடம் நகரில் வேறில்லை.

படம் என்று வரும்போது மட்டும் எனக்குத் தயக்கம். காட்சி தொடங்கும் 7.45 மணிக்கு ஆண்டின் எந்த மாதத்திலும் வான நீலம் ஏறத்தாழ வடிந்திருக்கும். கறுத்த வானத்தின் முன்னால் ஊதாவும் பச்சையுமாக மரங்கள் மின்னும். காட்சியின்போது நிறங்கள் நொடிக்கு நொடி மாறுவதால், ஆற்றங்கரையில் நல்ல பலன் தந்த எட்டு நொடித் திறப்பு இங்கே எல்லா நிறங்களையும் கலக்கி ஒரு வெளிறிய குழம்பாக்கிவிடும். கால் நொடி முதல் ஒரு நொடிக்குள் எடுத்தால்தான் நிறம் நிறமாக நிற்கும். எல்இடி விளக்கின் ஆழ்ந்த நீலமும் ஊதாவும் கேமராவின் நீல உணரியை மட்டும் நிரம்பி வழியச் செய்வதால், திரையில் படம் சரியாகத் தெரிந்தாலும் வீட்டில் பெரிதாக்கினால் மரத்தின் கிளைக் கம்பிகளெல்லாம் விவரமற்ற வண்ணத் திட்டுகளாக இருக்கும். என் அக்கா மகனின் படங்களில் நேர்ந்ததும் இதுதான். ஒளியளவைக் குறைத்து, கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா கோப்பாகப் பதிவுசெய்து, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களின் ஒளியளவு வரைபடத்தையும் தனித்தனியே பார்ப்பது மட்டுமே தீர்வு. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், லட்சக்கணக்கானோர் நின்ற அதே புல்வெளியில்தான் நாமும் நிற்கிறோம். காட்சியை வடிவமைத்தவர் நமக்காக முன்பே தேர்ந்துவைத்த படத்தையே நாம் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

அதே தோட்டத்தில், பெரும்பாலோர் ஒளிக்காட்சிக்கு இடம்பிடிக்க விரையும்போது கடந்துவிடும் ஒரு சிலை உண்டு. மார்க் குவின் தன் கைக்குழந்தை தூங்கும் கோலத்தை 2008-இல் பெரிய அளவில் வடித்த 'கோள்' என்ற வெள்ளை உருவம், ஏறத்தாழ ஏழு டன் எடை கொண்டது. ஒரு கை மட்டும் தரையைத் தொட, உடல் முழுவதும் புல்லின் மேல் மிதப்பது போலிருக்கும். இதற்கு முழு இருட்டு வேண்டாம். சூரியன் மறைந்த முதல் பத்து நிமிடத்தில், வானத்தின் ஒளியிலேயே, விளக்கின் உதவியை எதிர்பாராமல் எடுத்துவிட வேண்டும். பூந்தோட்டத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு என் பரிந்துரை, அந்த அரிய 20 நிமிடத்தை இந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, மரங்களை இருட்டுக்கு விட்டுவிட வேண்டும் என்பதே.

மூன்றாவது தேர்வு, குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே கிடைப்பது. 2010-இல் தொடங்கிய ஐ லைட் ஒளிக்கலைத் திருவிழா, அண்மை ஆண்டுகளில் ஜூன் மாதத்தை ஒட்டிச் சில வாரங்கள் மரினா பே வட்டாரத்தில் நடந்துவருகிறது. பல நாடுகளின் கலைஞர்கள் செய்த ஒளிச்சிற்பங்கள் நீர்முகத்தைச் சுற்றி வைக்கப்படுகின்றன. பெரும்பாலானவற்றைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். அடுத்த மாதம் இல்லாமல் போகும் ஒன்றைப் பதிவுசெய்கிறோம் என்ற உணர்வு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் விளக்குகள் ஏற்றப்படுவது பெரும்பாலும் 7.30 மணியளவில், ஜூனில் வானத்தின் நீலம் வடிவதும் அதே நேரத்தில்தான். ஒரே ஒரு படைப்பை, மிஞ்சினால் இரண்டை, நீல வானத்தோடு எடுக்கலாம், மற்றவை இருட்டில்தான். தவிர, இந்தப் படைப்புகளில் பல, மக்கள் தொட்டால் நிறம் மாறுபவை, உள்ளே நடந்தால் ஒலிப்பவை. அங்கே ஆளில்லாத சிலையைத் தேடுவது வீண். குழந்தை கைவைத்த இடத்தில் ஒளி பரவும் நொடிதான் படம், அதற்கு முக்காலியைவிட, பெரிய துளையுள்ள லென்ஸும் ஐஎஸ்ஓ 1600-ஐ ஒட்டிய அளவும் உதவும். பிறர் வீட்டுப் பிள்ளையின் முகம் தெளிவாக வருமானால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தகைய திருவிழா ஒன்றில்தான் நான் ஒரு முழு மாலையை இழந்தேன். ஓசை எழாமலிருக்க வேண்டும் என்று கேமராவை மின்னணுத் திறப்புக்கு மாற்றிவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படங்கள் அனைத்திலும் குறுக்குக் கோடுகள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எல்இடி விளக்குகள் பல துடித்துக்கொண்டேதான் இருக்கின்றன, கேமரா ஒவ்வொரு வரியாகப் படிக்கும்போது அந்தத் துடிப்பு பட்டைகளாகப் பதிந்துவிடுகிறது. இந்நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், திறப்பு நேரத்தை 1/50 நொடியிலோ அதைவிட மெதுவாகவோ வைத்து, இயந்திரத் திறப்பைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இராது.

மரினா பேயைச் சுற்றி எடுக்கும்போது பாலங்களையும் மனத்தில் கொள்ள வேண்டும். 280 மீட்டர் நீளமுள்ள ஹீலிக்ஸ் பாலம் தானே ஒரு சிற்பம். மரபணுவின் இரட்டைச் சுருளைப் போல முறுக்கப்பட்ட எஃகு. ஆனால் அதன்மேல் நின்று நீண்ட நேரத் திறப்பில் எதையும் எடுக்க முடியாது, ஏனெனில் நடப்பவர்களின் ஒவ்வோர் அடிக்கும் தளம் அதிர, முக்காலியும் சேர்ந்து அதிரும். கரையில் நின்று பாலத்தை எடுப்பதே சரி.

பருவகாலத் தேர்வுகளில் நமக்கு மிக நெருக்கமானது லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவின் தீபாவளி ஒளியூட்டு. சிராங்கூன் சாலையின் குறுக்கே வளைவுகளாகத் தொங்கும் மயிலும் யானையும் தாமரையும் ஆண்டுதோறும் புதிய வடிவில் வருகின்றன. அவற்றைச் சிலைகள் என்று சொல்லக் கலை விமர்சகர்கள் தயங்கலாம். கம்பியை வளைத்து உருவம் கொடுத்து ஒளியூட்டும் கைவேலை எனக்குச் சிற்பமாகவே படுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் சூரியன் முன்னதாகவே மறைவதால் ஏழு மணிக்குள் அங்கே நின்றுவிட வேண்டும். பிற்பகல் மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஈரத் தார்ச்சாலை முழு வளைவையும் தலைகீழாகத் திருப்பிக் காட்டும். நீண்ட குவியத்தூர லென்ஸால் எடுத்தால் அடுத்தடுத்த வளைவுகள் நெருங்கி ஒரே கோபுரம் போல அடுக்கடுக்காக நிற்கும். அந்தப் படத்துக்காகச் சாலையின் நடுவில் போய் நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பாதசாரிகள் கடக்கும் பச்சை விளக்கு எரியும் சில நொடிகளில், நடந்துகொண்டே எடுப்பதற்கு மேல் யாரும் துணிய வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இலையுதிர் விழாவுக்குச் சைனாடவுனிலும் பூந்தோட்டத்திலும் வைக்கப்படும் பெரிய விளக்குருவங்கள் புதியவர்களுக்கு எளிதானவை: கம்பிச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி உள்ளே விளக்கு வைப்பதால், ஒளி துணியில் பரவி மென்மையாகவே வெளிவருகிறது, கைபேசியின் இரவு முறையே போதும்.

ஆர்ச்சர்ட் சாலையை ஒரு வரியில் கடந்துவிட நினைத்தேன், மனம் வரவில்லை. அயன் ஆர்ச்சர்ட் கடைத்தொகுதியின் வாசலில் குமாரி நாகப்பன் வடித்த ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும், அந்தச் சாலை ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்ததை நினைவூட்டும் பெரிய வெண்கல உருவம். கடைகளின் திரைகளிலிருந்து விழும் வண்ணங்கள் அதன் வழவழப்பான தோலில் ஓடிக்கொண்டே இருக்கும். மழை வந்து மற்ற திட்டங்கள் கெட்ட இரவில், கூரையோரம் ஒதுங்கி நின்றே எடுக்கக்கூடிய சிலை அது.

எந்த இடமானாலும் கேமராவைக் குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துவிடக்கூடாது. குளிர்ந்த கண்ணாடியின் மேல் இந்த ஊர்க் காற்றின் ஈரம் உடனே படிந்து, துடைக்கத் துடைக்கப் புகைபோல் மூடும். மூடிய பையிலேயே கால் மணி நேரம் வைத்திருந்து, வெளிவெப்பத்துக்குப் பழகவிட்டு எடுக்க வேண்டும். முதல் ஆண்டுகளில் இதை அறியாமல், சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையின் முன்னால் நின்று அந்த 20 நிமிடத்தையும் கண்ணாடி துடைப்பதிலேயே கழித்திருக்கிறேன்.

இனி முடிவுக்கு வரலாம். பெற்றோரும் சிறு பிள்ளைகளும் கூட வருகிறார்கள், படம் இரண்டாம்பட்சம் என்றால், பூந்தோட்டத்துக்குப் போகலாம், மறுயோசனை வேண்டாம். ஜூனிலோ தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலோ வந்திருப்பவர், மீண்டும் கிடைக்காத காட்சி என்பதற்காகத் திருவிழாவையோ தேக்காவையோ தேர்ந்தெடுக்கலாம், ஆனால் மனிதர்களைப் படமெடுக்கும் மனத்தோடு போக வேண்டும். சிலையைச் சிலையாகப் பார்க்கவும் அதன் உருவத்தைப் படத்தில் கொண்டுவரவும் விரும்புகிறவருக்கு என் வாக்கு ஆற்றங்கரைக்குத்தான். அசையாத ஒளி நம்மைக் காத்திருக்க விடுகிறது. எங்கே நிற்பது, எதைப் பின்னணியாக வைப்பது என்பதை நாமே தீர்மானிக்கிறோம்.

அக்கா மகன் இரண்டாம் முறை வந்தபோது, ஒன்றை எடுத்து மற்றொன்றை விட வேண்டியதில்லை என்பதும் புரிந்தது. வெண்கலத்துக்குத்தான் வானத்தின் ஒளி வேண்டும். ஒளியால் ஆன மரங்களுக்கு அது இல்லாமலும் முடியும். எனவே ஆற்றங்கரையை முதலில் வைத்தோம். மாலை 6.45-க்கு ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி, சூரியன் மறையும்போது குதிக்கும் சிறுவர்களின் பின்னால் முக்காலியை நிறுத்தி, நீலம் இருக்கும்வரை அங்கேயும் செட்டியார் சிலையிடமும் நின்றோம். வானம் கறுத்தபின், 8.6 மீட்டர் உயர மெர்லயனின் வாயிலிருந்து விழும் நீரை ஒரு நொடித் திறப்பில் பட்டுத்துணி போலவும், 1/60 நொடியில் தெறிக்கும் துளிகளாகவும் இரு விதமாக எடுத்துவிட்டு, ஜூபிலி பாலம், எஸ்பிளனேட், ஹீலிக்ஸ் பாலம் வழியாக நிதானமாக முக்கால் மணி நேரம் நடந்தோம். தோப்பின் முதல் மரத்தடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 8.40. அவன் முக்காலியை விரிக்கவில்லை. கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் புல்லில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.